எதிராசர் என்னும் மாணவர்

பூந்தமல்லியிலிருந்து காஞ்சிபுரம் நோக்கிச் செல்லும் பெருவழி இன்று தொழிற்சாலைகளின் பெருவழியாகிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு மகிழுந்துகள் உருவாகி வெளிவரத் தொடங்கின. ஒரகடத்தில் 2010இல் மற்றுமொரு பெரிய மகிழுந்து ஆலை திறக்கப்பெற்றது. சுங்குவார்சத்திரத்தைச் சுற்றிக் கைப்பேசிகள் கோக்கப்படுகின்றன. பணிமுறை மாறும் வேளைகளில் நிறுவனப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்க, இருபது வயதைச் சற்றே கடந்த இளைஞரும் இளம்பெண்களும் இறங்கியும் ஏறியும் செல்கின்றனர். கற்கும் வயது முடிந்தது, இனி உழைக்கும் வயது என்று அவர்கள் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை சொல்லாமல் சொல்லுகிறது.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இதே வழியில் நடந்து சென்றவர்கள் வேறு வகையினர். பூந்தமல்லி திருக்கச்சி நம்பியின் ஊர். அதனை அடுத்த நசரத்பேட்டைப் பகுதியில் முதலியாண்டான் பிறந்தார். திருப்பெரும்பூதூர் இராமானுசரின் ஊர். அங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள மதுரமங்கலம் எம்பார் என்னும் கோவிந்தருடையது. காஞ்சிக்கு அருகே கூரம், கூரத்தாழ்வான் தோன்றிய ஊர். காஞ்சியைக் கடந்து மேற்கே சென்றால் திருப்புட்குழி. யாதவப் பிரகாசர் பாடம் சொல்லிய இடம். இரண்டு மூன்று நாள் நடைக்குள் இத்தனை பேர். ஆசிரியரும் மாணவரும், மாணவராக மாறிய ஆசிரியரும், ஒருவரையொருவர் தேடிச் சென்று கேட்டுக் கற்ற வழி இது.

இராமானுசரைத் தத்துவ ஞானியாகவும், கோயில் நிருவாகத்தைச் சீர்செய்தவராகவும், கோபுரத்தின்மேல் ஏறி மறைபொருளை வெளியிட்ட புரட்சியாளராகவும் போற்றிய நூல்கள் பலவாகும். ஆயின் அவர் வாழ்வின் பெரும்பகுதி பிறரிடம் சென்று அமர்ந்து கற்பதிலேயே கழிந்தது என்பது போதிய அளவு பேசப்படவில்லை. அதுவும் இளமையில் அன்று. துறவு பூண்டு, திருவரங்கத்தில் மடத்தின் தலைமை ஏற்று, ஊரே வணங்கும் நிலையை அடைந்த பின்னர், தம்மினும் மூத்த பெரியோர் சிலரைத் தேடிச் சென்று மீண்டும் முதலிலிருந்து பாடம் கேட்டார்.

அவரது காலம் 1017 முதல் 1137 வரை, நூற்றிருபது ஆண்டுகள் என்பது வைணவ மரபு. ஆய்வாளர் சிலர் பிறப்பாண்டைச் சில பத்தாண்டுகள் பிந்தியதாகக் கொள்வர். வரலாற்றை விரிவாகச் சொல்லும் பின்பழகிய பெருமாள் சீயரின் ஆறாயிரப்படி குருபரம்பரை, அவர் மறைந்து நூறாண்டுக்கும் மேற்பட்ட காலத்திற்குப் பின் எழுந்தது. ஆதலின் இங்குச் சொல்லப்படுவனவற்றுள் வரலாறு எது, பத்தியின் வண்ணம் எது என்று நூல் பிடித்தாற்போல் பிரித்துக் காட்டுதல் அரிது. எனினும் ஒரு சமுதாயம் தன் தலைசிறந்த ஆசிரியரைப் பற்றி எத்தகைய கதைகளைப் போற்றிப் பாதுகாத்தது என்பதே ஒரு வரலாறன்றோ!

திருப்பெரும்பூதூரில் ஆசூரி கேசவ சோமயாசியாருக்கும் காந்திமதி அம்மையாருக்கும் சித்திரைத் திருவாதிரையில் பிறந்த குழந்தைக்கு, தாய்மாமனாகிய பெரிய திருமலை நம்பி இளையாழ்வான் என்று பெயரிட்டார். இளமையிலேயே திருமணம் நிகழ்ந்தது; தந்தையார் மறைந்தார். குடும்பம் காஞ்சிக்குப் பெயர்ந்தது. இளையாழ்வான் யாதவப் பிரகாசரிடம் வேதாந்தம் பயிலத் தொடங்கினார். சிறிய தாயாரின் மகனாகிய கோவிந்தரும் அங்கு உடன் பயின்றார்.

யாதவப் பிரகாசர் சாமானியர் அல்லர். அக்காலத்தில் காஞ்சி மண்டலத்தில் அவரை ஒத்த வேதாந்தி இல்லை என்னும் அளவுக்குப் புகழ் பெற்றவர். ஒரு நாள் இளையாழ்வான் ஆசிரியருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது, சாந்தோக்கிய உபநிடதத்தில் இறைவனின் கண்களுக்குக் கூறப்படும் உவமை ஒன்றுக்கு ஆசிரியர் பொருள் சொன்னார். குரங்கின் பின்புறத்தை உவமையாக்கும் பொருள் அது. மாணவரின் கண்ணீர் ஆசிரியரின் தொடைமீது சுடச்சுட விழுந்தது. காரணம் வினவிய ஆசிரியரிடம், அச்சொல்லைப் பகுத்துக் கதிரவனால் மலரும் தாமரை என்று பொருள் கொள்ளலாமே என்றார் மாணவர். சொல்லைப் பிரிக்கும் முறையில் பிறந்த இப்பிணக்கு வளர்ந்து, காசி யாத்திரை என்னும் பெயரால் மாணவரை அழைத்துச் சென்று வழியில் கொன்றுவிடும் சூழ்ச்சியாக முடிந்தது என்று குருபரம்பரை கூறும். விந்தியக் காட்டில் கோவிந்தர் இரகசியமாக எச்சரிக்க, இளையாழ்வான் தப்பிக் காஞ்சி மீண்டார். அதன்பின் வரதராசப் பெருமாளுக்குச் சாலைக் கிணற்றிலிருந்து நாள்தோறும் தீர்த்தம் சுமந்து கொடுப்பதே அவர் பணியாயிற்று. அத்தொண்டில் அவரை ஆற்றுப்படுத்தியவர் திருக்கச்சி நம்பி.

வேதம் ஓதும் குலத்தில் தோன்றாதவர் நம்பி. பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் தொண்டு செய்து, அவரோடு பேசும் பேறு பெற்றவர் என்று ஊரார் நம்பினர். இளையாழ்வான் அவரை ஆசாரியராகக் கொள்ள விழைந்தார். நம்பியோ சாதி முறைமையைச் சொல்லி மறுத்தார். நம்பி உண்ட மிச்சத்தை உண்டேனும் அந்த உறவைப் பெறலாம் என்று எண்ணி, இளையாழ்வான் அவரை உணவுக்கு அழைத்தார். அவரை எதிர்கொண்டு அழைக்க ஒரு தெரு வழியே சென்றபோது, நம்பி வேறு தெரு வழியே வந்து உண்டு சென்றுவிட்டார். மனைவி தஞ்சமாம்பாள் இலையை எறிந்து, இடத்தைச் சாணத்தால் மெழுகி, நீராடியும் முடித்துவிட்டார். திரும்பி வந்த கணவருக்கு மிஞ்சியது மெழுகிய தரை ஒன்றே.

தஞ்சமாம்பாளின் குற்றங்களை எண்ணிக் காட்டுவதில் பழைய நூல்கள் சலிப்பதில்லை. பின்னர் ஒருமுறை பெரிய நம்பியின் துணைவியாரோடு கிணற்றடியில் நீர்த்துளி பட்டது பற்றி அவர் பூசலிட்டதும் அவ்வரிசையில் சேரும். அவ்வம்மையார் தம் காலம் தமக்குக் கற்பித்ததையே செய்தார். கணவர் வீட்டுக்கு வெளியே ஒவ்வோர் ஆசிரியராகத் தேடிக் கற்றுக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குள் இருந்தவர் என்ன கற்றார் என்று எழுத ஒருவரும் முற்படவில்லை. இறுதியில் அவரைப் பிறந்தகம் அனுப்பிவிட்டு இளையாழ்வான் துறவு மேற்கொண்டார். எதிராசர், அதாவது துறவியர்க்கு அரசர், என்னும் பெயர் அப்போது பெற்றதாகும். அப்பெயருக்குக் கொடுக்கப்பட்ட விலையில் ஒரு பெண்ணின் வாழ்வும் அடங்கும்.

திருவரங்கத்தில் வாழ்ந்த ஆளவந்தார், தமக்குப்பின் தரிசனத்தை நடத்தத் தக்கவர் இவரே என்று கருதிப் பெரிய நம்பியைக் காஞ்சிக்கு அனுப்பியிருந்தார். இருவரும் திருவரங்கம் சென்று சேர்ந்தபோது ஆளவந்தாரின் திருமேனியே காணக் கிடைத்தது. மடங்கியிருந்த மூன்று விரல்களும் இராமானுசர் ஏற்ற மூன்று உறுதிமொழிகளும் யாவரும் அறிந்தவை. காணாமலே போன அந்த ஆசிரியரைப் பற்றிய ஏக்கம் அவரது கல்வி முழுவதையும் வழிநடத்தியது. மதுராந்தகத்தில் ஏரி காத்த இராமர் கோயில் மகிழ மரத்தடியில் பெரிய நம்பி அவரைச் சீடராக ஏற்றுக்கொண்டார். பின் காஞ்சியில் அவர் வீட்டிலேயே ஆறு மாதம் தங்கி ஆழ்வார்களின் அருளிச்செயலைக் கற்பித்தார். மேலே சொன்ன கிணற்றடிப் பூசல் அப்போது நிகழ்ந்ததே. நம்பி சொல்லிக்கொள்ளாமல் திருவரங்கம் புறப்பட்டதால், பாடம் பாதியில் நின்றது.

துறவு பூண்ட இராமானுசரிடம் முதலில் வந்து சேர்ந்தவர்களுள் ஒருவர் நாம் எதிர்பாராதவர். முதுமை எய்திய யாதவப் பிரகாசர்! தம் மகன் இவருடைய சீடனாக வேண்டும் என்று விரும்பிய வயது முதிர்ந்த தாயாரின் வற்புறுத்தல் ஒரு காரணம் என்பர். செய்த பிழைக்குக் கழுவாயாக நிலவுலகை வலம் வர வேண்டும் என்று நூல்கள் சொல்ல, அதற்கு உடலில் வலுவில்லை. இராமானுசரை வலம் வந்தால் அதுவே போதும் என்று கனவில் பெருமாள் உணர்த்தினாராம். தாம் கொல்ல எண்ணிய மாணவனைத் தாமே வலம் வந்து, காலடியில் விழுந்து, கோவிந்த சீயர் என்னும் பெயருடன் துறவு ஏற்றார். இராமானுசர் அவரை வெறுமனே மன்னித்து ஏற்றதோடு நில்லாமல் ஒரு வேலையும் கொடுத்தார். துறவியரின் ஒழுக்க முறைகளைத் தொகுத்து ஒரு நூல் செய்யச் சொன்னார். யதிதர்ம சமுச்சயம் என்னும் அந்நூல் இன்றும் உள்ளது. அந்த முதியவர் வாழ்நாளெல்லாம் தாம் கற்பித்ததைக் கைவிட்டு, புதிதாகக் கற்று, கற்றதை எழுதியும் வைத்தார். இதனினும் கடினமான மாணவப் பருவம் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே.

ஆளவந்தார் தம் ஞானச் செல்வத்தை ஒருவரிடமே வைத்துச் செல்லவில்லை. பெரிய நம்பி, திருக்கோட்டியூர் நம்பி, திருமாலையாண்டான், திருவரங்கப் பெருமாள் அரையர், பெரிய திருமலை நம்பி என ஐவரிடம் பகுதி பகுதியாக வைத்துச் சென்றார். அனைத்தையும் பெற விரும்புவோன் ஐந்து வாயில்களில் நின்றாக வேண்டும். திருவரங்கத்தில் தலைமை ஏற்றவருக்கு இப்படி நிற்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. பீடத்தில் அமர்ந்தவர் இறங்கி வந்து மீண்டும் பாயில் அமரத் தயங்குவது உலக இயல்பு.

திருக்கோட்டியூர் நம்பி மறைபொருள்களைக் கற்பிப்பதில் கண்டிப்பானவர். திருவரங்கத்திலிருந்து பல நாள் நடந்து தெற்கே சென்று அவர் வாயிலில் நின்றார் இராமானுசர். திருப்பி அனுப்பினார். மீண்டும் சென்றார், மீண்டும் திருப்பினார். இவ்வாறு பதினெட்டு முறை. கோபுரத்தின்மீது ஏறி எல்லார்க்கும் பொருள் சொன்ன நாளை அறியாத தமிழர் இல்லை. அந்த ஒரு நாளுக்கு முன்னே நடந்த பதினெட்டு நடைகளைக் கால்களால் எண்ணிப் பார்த்தோர் சிலரே. பதினெட்டாம் முறை, தண்டமும் பவித்திரமும் மட்டும் கொண்டு தனியே வருக என்று நம்பி சொல்லியனுப்ப, முதலியாண்டானையும் கூரத்தாழ்வானையும் உடனழைத்துச் சென்று, இவர்களே தம் தண்டும் பவித்திரமும் என்றார் இராமானுசர். வருந்திக் கற்றதை மறுநாளே ஊரார்க்கு வழங்கினார். சினந்த நம்பியிடம், தாம் ஒருவர் நரகம் புகினும் பலர் உய்வர் என்று விடை பகர, நம்பி தழுவிக்கொண்டு எம்பெருமானார் என்று அழைத்தார். அன்று கற்றுக்கொண்டவர் நம்பி. மாணவனிடமிருந்து பாடம் பெற்றதை மறைக்காமல் பட்டமாகச் சூட்டினார்.

கவிஞர்கள் ஊன்றிக் கவனிக்கத்தக்கது திருமாலையாண்டானிடம் திருவாய்மொழி கற்ற நிகழ்ச்சி. இரண்டாம் பத்தின் மூன்றாம் திருவாய்மொழியில் ஒரு பாசுரம். அறியாத பருவத்திலேயே உன்பால் அன்பு செய்வித்தாய், பின்னர் என்னை இந்த மாயையில் வைத்தாயே என்று நம்மாழ்வார் முறையிடுவதாக ஆண்டான் பொருள் உரைத்தார். இராமானுசர் பொறுத்துப் பார்த்தார்; பிறகு பணிவுடன் குறுக்கிட்டார். முன்னும் பின்னும் உள்ள பாசுரங்கள் எல்லாம் இறைவனோடு கலந்த மகிழ்ச்சியில் திளைப்பன. நடுவில் இப்பாடல் மட்டும் எவ்வாறு புலம்பலாகும்? சொற்களை இடம் மாற்றிக் கூட்டினால், மாயையில் கிடந்த என்னை அறியாத அப்பருவத்திலேயே அன்பு செய்ய வைத்தாயே என்று நன்றி கூறும் பாடலாக அது மலரும் என்றார். கொண்டுகூட்டு என்று இலக்கணம் கூறும் உத்தி இது. ஒரு பாட்டின் பொருளை அதன் சொல்லில் மட்டுமன்றி, அது நிற்கும் பதிகத்தின் உணர்ச்சியிலும் தேட வேண்டும் என்னும் திறனாய்வு நெறியை அன்றே வகுத்துவிட்டார் எனலாம்.

ஆண்டானுக்கு இது பிடிக்கவில்லை. ஆளவந்தாரிடம் தாம் கேட்காத பொருள் இது. விசுவாமித்திர சிருட்டி என்று சொல்லிப் பாடத்தையே நிறுத்திவிட்டார். செய்தியறிந்த திருக்கோட்டியூர் நம்பி திருவரங்கம் வந்து, இதே பொருளை ஆளவந்தார் கூறத் தாம் கேட்டதுண்டு என்று சான்று பகர்ந்தார். பாடம் தொடர்ந்தது. பின்னரும் இராமானுசர் மாற்றுப் பொருள் கூறியதுண்டு. ஆளவந்தார் இவ்வாறு அருளியிருப்பார் என்று அவர் சொல்ல, ஆளவந்தாரைக் காணாதவர் இதனை எவ்வாறு அறிவார் என்று ஆண்டான் வியந்தார். தாம் ஆளவந்தாருக்கு ஏகலைவன் போன்றவர் என்பது இராமானுசரின் விடை. பாடம் நின்றுபோன அந்த நாள்களில் இருவர்க்கும் எளிய வழி ஒன்று இருந்தது. மாணவர் தம் மடத்துக்குத் திரும்பித் தம் உரையைத் தாமே பரப்பியிருக்கலாம். ஆசிரியர் இறுதிவரை பிணங்கியிருக்கலாம். அவ்வாறு நிகழ்ந்திருப்பின் திருவாய்மொழி உரை மரபு இரு கிளையாகப் பிரிந்திருக்கும். இருவரும் மீண்டும் எதிரெதிரே அமர்ந்தனர்.

திருவரங்கப் பெருமாள் அரையர் ஆளவந்தாரின் திருமகனார். அருளிச்செயலை இசையோடும் அபிநயத்தோடும் நிகழ்த்துபவர். அவரிடம் இராமானுசர் முதலில் கேட்டது பாடமன்று. ஆறு மாத காலம் பால் காய்ச்சிக் கொடுத்தும் மஞ்சள்காப்பு அரைத்துக் கொடுத்தும் பணிவிடை செய்தார். ஒரு நாள் மஞ்சள்காப்பின் பதம் அரையரின் முகத்தில் சிறு வாட்டத்தைத் தோற்றுவிக்க, அதனைக் குறிப்பால் உணர்ந்து வேறு அரைத்துக் கொணர்ந்தார். அந்தக் கூர்மையைக் கண்ட பின்னரே அரையர் தம்மிடமிருந்த பொருளை வழங்கினார்.

ஐவருள் எஞ்சியவர் தாய்மாமனாராகிய பெரிய திருமலை நம்பி. இராமானுசர் திருமலை வந்தபோது, வயது முதிர்ந்த நம்பியே பிரசாதம் ஏந்தி எதிர்வந்தார். இதற்கு ஒரு சிறியவர் கிடைக்கவில்லையா என்று மருமகன் பதறினார். தெருவெல்லாம் தேடியும் தம்மினும் சிறியவரைக் காணவில்லை என்றார் மாமன். கீழ்த்திருப்பதியில் ஓராண்டு தங்கி அவரிடம் வான்மீகி இராமாயணம் கேட்டார் இராமானுசர். கதை தெரியாதவரா அவர்? தெரிந்த கதையைத் தெரிந்தவர் வாயால் வரிவரியாகக் கேட்பதற்கு ஓராண்டு.

இவ்வாறு வயது வந்தோர் ஆசாரியர் திருமுன் அமர்ந்து நூல்களைச் சொல் சொல்லாகக் கேட்கும் முறைக்கு வைணவர் காலட்சேபம் என்று பெயரிட்டனர். காலம் கழித்தல் என்பதே சொற்பொருள். அன்றாட வழக்கில் பிழைப்பு நடத்துவதையும் அச்சொல்லால் குறிப்போம். இசையோடு கதை சொல்வதையும் குறிப்போம். நூல் கேட்கும் காலட்சேபம் வேறு. திருவரங்கத்திலும் காஞ்சியிலும் வங்கியிலோ பள்ளியிலோ பணி முடித்து ஓய்வு பெற்றவர்கள், திருவாய்மொழியின் ஈட்டு உரையை ஆண்டுக்கணக்கில் இன்றும் கேட்டு வருகின்றனர். தேர்வு இல்லை, சான்றிதழ் இல்லை. முடிந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவர்.

தாம் கற்ற முறையிலேயே இராமானுசர் பிறரையும் கற்க வைத்தார். பேரறிஞராகிய முதலியாண்டானைப் பெரிய நம்பியின் மகள் அத்துழாயின் புகுந்த வீட்டுக்குத் தண்ணீர் சுமக்கவும் சமைக்கவும் அனுப்பினார். கல்விச் செருக்கு கரைய அதுவே வழி என்று கண்டார் போலும். வண்டி நிறையச் சுவடிகளோடு வந்து பதினெட்டு நாள் வாதிட்டுத் தோற்ற யக்ஞமூர்த்தி, அருளாளப் பெருமாள் எம்பெருமானார் என்னும் பெயருடன் சீடரானார். வடமொழி வாதத்தில் வாழ்நாளைச் செலவிட்ட அவர் அதன்பின் தமிழுக்குத் திரும்பி, ஞானசாரம் என நாற்பது வெண்பாக்களும் பிரமேயசாரம் எனப் பத்துப் பாடல்களும் இயற்றினார். உறையூர் மல்லர் உறங்காவில்லி தம் மனைவி பொன்னாச்சியின் கண்ணழகில் மயங்கி வெயிலில் குடை பிடித்துச் சென்றவர். அவருக்கு அரங்கனின் கண்ணழகைக் காட்டி அழைத்துக்கொண்டார்.

கொங்கு நாட்டிலிருந்து பஞ்சம் பிழைக்கத் திருவரங்கம் வந்த அம்மையார் ஒருவர், இராமானுசர் பிச்சைக்கு வரும்போது மக்கள் காலில் விழுவதைக் கண்டு, பிச்சையெடுப்பவரை ஏன் வணங்குகின்றனர் என்று அவரிடமே கேட்டார். தாம் சில நல்ல வார்த்தைகளை அவர்களுக்குச் சொன்னதுண்டு என்றார் அவர். எனக்கும் சொல்லுங்கள் என்றார் அம்மையார். துவய மந்திரத்தைச் சொன்னார். பஞ்சம் நீங்கி ஊர் திரும்பும் வேளையில் அந்த அம்மையார் அதனை மறந்துவிட்டார், மறந்ததை ஒளிக்காமல் மீண்டும் கேட்டார், மீண்டும் சொன்னார். கொங்குப் பிராட்டி என்று அவரைக் குருபரம்பரை நினைவில் வைத்திருக்கிறது. மறந்துபோனதை மறுபடி கேட்கும் துணிவு வயது வந்த மாணவருக்கே உரிய தகுதி. சினவாமல் மறுபடி சொல்வது அத்தகையோர்க்கு வாய்த்த ஆசிரியரின் தகுதி.

இவ்வரிசையில் தமிழுக்கு மிகுதியாகத் தந்தவர் திருவரங்கத்தமுதனார். அவர் அரங்கன் கோயிலின் நிருவாகத்தை வழிவழியாக ஏற்ற குடியினர். சாவிகள் அவர் கையில் இருந்தன. இராமானுசர் கோயில் முறைகளைத் திருத்த முற்பட்டபோது எதிர்த்து நின்றார். அவரை அகற்றுவதற்கு மாறாக, கூரத்தாழ்வானை அனுப்பி அவருக்குப் பாடம் சொல்ல வைத்தார் இராமானுசர். கற்கக் கற்க அமுதனாரின் உள்ளம் கனிந்தது. அவர் தாயார் மறைந்தபோது பதினோராம் நாள் சடங்கில் உண்ண அமர ஒருவர் வேண்டும், கூரத்தாழ்வான் அமர்ந்தார். நிறைவுற்றேன் என்று அவர் சொன்னால்தான் சடங்கு முற்றுப்பெறும். அதற்குக் கோயில் சாவியையும் புராணம் வாசிக்கும் உரிமையையும் கேட்டார். அமுதனார் கொடுத்தார். துயரத்தில் இருந்தவரிடம் அந்நேரம் பார்த்துக் கேட்டது முறையா என்னும் வினா இன்றைய வாசகர்க்கு எழவே செய்யும், எழுவதில் தவறுமில்லை. ஆயினும் சாவியை இழந்த கையிலிருந்துதான் இராமானுச நூற்றந்தாதி பிறந்தது. கட்டளைக் கலித்துறையில் நூற்றெட்டுப் பாடல். ஒவ்வொன்றிலும் இராமானுசன் என்னும் பெயர் அமையும். நாலாயிரத்தோடு சேர்த்து அது இன்றும் ஓதப்பெறுகின்றது. நடுவயதில் மாணவரான ஒரு நிருவாகி, எதிர்த்தவரையே பாட்டுடைத் தலைவராக்கிக் கவிஞரானார்.

பிரம்ம சூத்திர உரையாகிய ஸ்ரீபாஷ்யம் எழுதும் காலத்தும் அவர் மாணவரே. போதாயன விருத்தியைக் காண்பதற்காகக் காசுமீரம் வரை சென்றார். அச்சுவடி அவரிடமிருந்து திரும்பப் பெறப்பட்டபோது, இரவுகளில் படித்து நெஞ்சில் பதித்திருந்த கூரத்தாழ்வான் துணை நின்றார். உரையை இராமானுசர் சொல்ல ஆழ்வான் எழுதுவார். உடன்பாடில்லாத கருத்து வந்தால் எழுத்தாணி நிற்கும், இது ஏற்பாடு. உயிரின் இலக்கணம் பற்றி ஓரிடத்தில் எழுத்தாணி நின்றது. இராமானுசர் சினந்து எழுந்தார். நீரே உரை எழுதும் என்று கடிந்தார். ஆழ்வான் அசையவில்லை. பின்னர்ச் சிந்தித்துப் பார்த்து, அறியும் தன்மையை மட்டும் சொல்லி இறைவனுக்கு அடிமையாயிருக்கும் தன்மையைத் தாம் விட்டுவிட்டதை உணர்ந்து திரும்பி வந்தார். எழுத்தாணி மீண்டும் ஓடியது.

பின்வந்த ஆண்டுகள் துன்பம் நிறைந்தவை. சோழ மன்னனின் சினத்தால் அவர் கருநாடு சென்று தொண்டனூரிலும் மேல்கோட்டையிலும் நெடுங்காலம் வாழ நேர்ந்தது. பெரிய நம்பி உயிரையும் கூரத்தாழ்வான் கண்களையும் இழந்தனர். திருவரங்கம் திரும்பியபோது ஐந்து ஆசிரியருள் ஒருவராவது தம்மை வரவேற்க இல்லாத முதுமை அவரைச் சூழ்ந்திருந்தது. திருக்குருகைப்பிரான் பிள்ளானைக் கொண்டு திருவாய்மொழிக்கு ஆறாயிரப்படி உரை எழுதுவித்தமையால், ஆளவந்தாரின் விரல்முன் செய்த உறுதிகள் நிறைவேறின. திருமேனி ஒன்று செய்வித்துத் திருப்பெரும்பூதூருக்கு அனுப்பினார். தானுகந்த திருமேனி என்று ஊரார் வழங்குவது அதுவே.

இறுதி நாள்களில் சீடர்கள் இனி என்ன செய்வது என்று கேட்டனர். அவர் கூறியதன் சாரம் இது. ஸ்ரீபாஷ்யத்தைக் கற்றுப் பிறர்க்கும் கற்பியுங்கள். அதற்கு ஆற்றல் இல்லையேல் ஆழ்வார்களின் அருளிச்செயலைக் கற்றுக் கற்பியுங்கள். அதுவும் இயலாதேல் திருப்பதிகளில் தொண்டு செய்யுங்கள். அதுவும் இயலாதேல் துவயத்தின் பொருளை நினைந்திருங்கள். ஒன்றுமே இயலாதேல், நம்மவன் என்று உங்களைக் கருதும் ஓர் அடியாரின் அருகில் சென்று இருங்கள். கொங்கு நாட்டு அம்மையாருக்கும் யாதவப் பிரகாசருக்கும் ஒரே ஏணியில் இடம் இருந்தது.

1137இல் அவர் மறைந்தார். அப்போது அவர் திருவடிகள் வடுக நம்பியின் மடியில் இருந்தன. தலை எம்பாரின் மடியில் இருந்தது. திருப்புட்குழியில் ஒன்றாக அமர்ந்து பாடம் கேட்டு, விந்தியக் காட்டில் இரகசியமாக எச்சரித்துக் காப்பாற்றிய அந்த மதுரமங்கலத்துக் கோவிந்தர்தாம் அவர்.